அளவெடுத்துத் தைப்பது போலத்தான்: ஆளுக்கேற்ற வலுப்பயிற்சித் திட்டம் எப்படி உருவாகிறது?

பெரும்பாலான ஜிம்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று போகும். ஒவ்வொரு நாளும் ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் நாலு செட். நேற்று சேர்ந்த கல்லூரி மாணவனுக்கும் அதுதான். மூட்டுவலியோடு வந்த அறுபது வயது அம்மாவுக்கும், எடையைக் கொஞ்சம் குறைத்து, அதேதான். இன்னொரு பக்கம் வேறொரு கூத்து நடக்கும்: ‘பர்சனலைஸ்டு பிளான்’ என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, பந்தின் மேல் ஒற்றைக்காலில் நின்றபடி டம்பெல் தூக்கச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பயிற்சிகளின் பெயர்ப் பட்டியலையே திட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஆளுக்கு ஆள் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அளவு: எவ்வளவு எடை, எத்தனை தடவை, வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது.

சட்டை ஒன்றுதான்

டெய்லரிடம் போனால் உங்களுக்காக அவர் புதுவிதமான உடை எதையும் கண்டுபிடிப்பதில்லை. எல்லாச் சட்டைக்கும் காலர், கை, உடம்பு, பட்டன்பட்டி. தோளையும் மார்பையும் நீளத்தையும் அளக்கிறார். டைட்டாக வேண்டுமா லூசாக வேண்டுமா என்று கேட்கிறார். வளர்கிற பிள்ளை என்றால் பின்னால் பிரித்துவிடலாம் என்று உள்ளே துணி விட்டுத் தைக்கிறார். வலுப்பயிற்சித் திட்டமும் அப்படித்தான். அதன் துண்டுகள் ஐந்து:

- உட்கார்ந்து எழுவது (ஸ்குவாட் வகை)
- இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது (டெட்லிஃப்ட் வகை)
- தள்ளுவது (தண்டால், பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேல் தூக்குவது)
- இழுப்பது (ரோ, புல்டவுன், புல்-அப்)
- சுமந்து நடப்பது

இந்த ஐந்தும் எல்லோருக்கும் வேண்டும். 22 வயது இளைஞன் தோளில் பார்பெல் வைத்து உட்கார்ந்து எழுவதும், 61 வயதுப் பெண் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும் ஒரே பயிற்சியின் இரண்டு அளவுகள். பைசெப்ஸ் கர்ல் மாதிரியானவை பட்டன் போல. சட்டையைத் தைத்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தசைக்குள் நடப்பது

தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். அந்த உருண்டைக் கல்லை யாரும் ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றுவதில்லை. முதலில் தரையிலிருந்து அசைக்க வேண்டும், பிறகு முழங்காலுக்கு, பிறகு மார்புக்கு, கடைசியில் தோளுக்கு. வலு சேர்வதும் இந்த வரிசையில்தான். உடம்பு இன்று சமாளிக்கிற சுமையைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்து, அது பழகிய பிறகு இன்னும் சற்றே கூட்டுவது. இதைப் படிப்படியான சுமையேற்றம் என்கிறோம். இந்தக் கட்டுரையில் இருக்கிற மற்ற எல்லாமே இந்த ஒன்றைப் பத்திரமாகச் செய்வதற்கான ஏற்பாடுதான்.

சற்றே கூடுதல் ஏன் தேவை என்பதற்குத் தேரிழுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் தேர் உருளும்போது வடம் பிடித்தவர்களில் பாதிப்பேர் சும்மா கூட நடந்துகொண்டிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்தான் அத்தனை பேரும் இழுப்பார்கள். தசையில் ஒரு நரம்பணுவும் அது இயக்குகிற இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. லேசான எடைக்குச் சிறிய அலகுகள் மட்டும் வேலை செய்யும். எடை கனமாக இருந்தாலோ, லேசான எடையே செட்டின் கடைசியில் திணற வைத்தாலோதான் பெரிய அலகுகள் வந்து சேரும். வலுவும் பருமனும் அவற்றில்தான் அதிகம் ஏறும். அதனால் சிரமமே தெரியாமல் இருபது தடவை தூக்குவதால் பெரிய பலன் இல்லை.

இங்கே மூன்று சொற்கள். ஓர் அசைவைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறை செய்வது ரெப். இடைவிடாமல் செய்கிற ரெப்களின் தொகுப்பு செட். செட்டை நிறுத்தும்போது, உடம்பு கோணாமல் இன்னும் எத்தனை ரெப் செய்திருக்க முடியும் என்பது மிச்ச ரெப். பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வொரு செட்டையும் 2 அல்லது 3 மிச்சத்தோடு நிறுத்துவதே சரியான அளவு. கடைசி ரெப் வரை போய்க் கீழே போடுவது வீரமாகத் தெரியலாம். ஆனால் களைப்பு ஏறுகிற அளவுக்கு அதில் பலன் ஏறுவதில்லை.

முதல் நாலு முதல் ஆறு வாரத்தில் வருகிற வலுவில் பெரும்பகுதி நரம்புகளிலிருந்து வருகிறது. தசை இன்னும் வளர்ந்திருக்காது. இருக்கிற தசையை ஒழுங்காகக் கூட்டி இழுக்க மூளை கற்றுக்கொண்டிருக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இதைவிட மெதுவாகத்தான் பலப்படும். ஆறாவது வாரத்தில் ‘சூப்பரா போகுது’ என்று எடையை வேகமாக ஏற்றுபவர்களுக்கு எட்டாவது வாரத்தில் முழங்கையிலும் முழங்காலிலும் வலி தொடங்குவதற்குக் காரணம் இந்த வேக வித்தியாசம்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: ஐந்து அசைவுகள் எல்லோருக்கும் பொது. செட்டின் கடைசி ரெப்கள் சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் 2 அல்லது 3 மிச்சம் வேண்டும். தசை வேகமாகவும் தசைநாண் மெதுவாகவும் பழகும்.

அளவெடுக்கும் நாள்

முதல் நாளில் எடையைத் தொடுவதற்கு முன் உட்கார்ந்து பேசுவதற்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். நோய் இருக்கிறதா என்று கேட்டால் பலர் “ஒண்ணும் இல்ல மாஸ்டர்” என்பார்கள். தினமும் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டால் பிரஷர், சர்க்கரை, தைராய்டு எல்லாம் வெளியே வரும். மருந்துச் சீட்டையே கொண்டுவரச் சொல்வது நல்லது. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவருக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவரிடம் ஸ்மார்ட் வாட்ச் எண்ணைப் பார்த்து ‘இன்னும் போடலாம்’ என்று சொல்லிவிடக்கூடாது.

நடந்தாலோ மாடியேறினாலோ நெஞ்சில் இறுக்கம், மயக்கம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு, சமீபத்தில் அறுவை சிகிச்சை அல்லது பிரசவம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது வேலை. பத்து மணி நேரம் ஜவுளிக்கடையில் நிற்பவருக்கும், நாள் முழுக்க மூட்டை தூக்குபவருக்கும், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் மாலையில் கையில் மிஞ்சுகிற சக்தி வேறு வேறு. தூக்கத்தையும் கேட்க வேண்டும். பிறகு வாரத்துக்கு எத்தனை நாள் வர முடியும் என்பது. ஐந்து நாள் என்று சொல்பவருக்கு மூன்று நாள் திட்டம் போடுங்கள். உடலைப் பிரித்துப் போட்ட ஆறு நாள் சார்ட்டை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் மட்டும் வருபவருக்குச் செஸ்ட்டும் பேக்கும்தான் கிடைக்கும். கால்களுக்கு உரிய வெள்ளிக்கிழமை வரவே வராது. இரண்டு, மூன்று நாள் வருபவருக்கு ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. இரண்டு நாள் ஒன்றும் அவமானம் இல்லை.

பிறகு நாலு எளிய சோதனைகள். கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுவது முதலாவது. 60 முதல் 64 வயதுப் பெண்களில் 12-க்குக் கீழே, ஆண்களில் 14-க்குக் கீழே வந்தால் அது சராசரிக்குக் குறைவு. இரண்டாவது, முதுகில் ஒரு கம்பை வைத்துக் குனிவது. பின்னந்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியே இருந்தால் இடுப்பிலிருந்து மடங்கத் தெரிகிறது என்று பொருள். கம்பு விலகினால் டெட்லிஃப்ட்டைத் தரையிலிருந்து தொடங்கக்கூடாது. மூன்றாவது, சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோவது. கீழ்முதுகு வளையாமல் கை போகாவிட்டால் தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். நாலாவது, சுவரிலோ மேடையிலோ தரையிலோ எந்த உயரத்தில் தண்டால் எட்டு முறை ஒழுங்காக வருகிறது என்று பார்ப்பது.

ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையைக் கண்டுபிடிக்கும் சோதனை புதியவருக்குத் தேவையே இல்லை. அசைவையே இன்னும் கற்காதவரிடம் எடுக்கிற அந்த எண் இரண்டு வாரத்தில் பொய்யாகிவிடும்.

எடையை எப்போது ஏற்றுவது

அளந்து ஏற்றும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயப்பட்ட வீரர்களின் தொடைத் தசையை மீட்கக் கனமான எடையைப் பயன்படுத்தி, அதை 1945-இல் கட்டுரையாக எழுதினார். சரியாகப் பத்து முறை தூக்க முடிகிற எடைதான் அவருடைய அளவுகோல். 1948-இல் அவரும் வாட்கின்ஸும் எழுதிய முறையில் மூன்று செட்: முதல் செட் அந்த எடையில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. ‘மூணு செட் பத்து’ என்று இன்று எல்லா ஜிம்மிலும் சொல்வதில் அந்த மருத்துவமனையின் சாயல் இருக்கிறது.

புதியவருக்கு அதைவிட எளிய வழி இது. ஒரு பயிற்சிக்கு 8 முதல் 12 ரெப் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: 9, 8, 8
இரண்டாம் நாள்: 10, 9, 8
ஐந்தாம் நாள்: 12, 11, 10
ஏழாம் நாள்: 12, 12, 12, மூன்றிலும் 2 மிச்சம்

எட்டாம் நாள் 12.5 கிலோவுக்குப் போகலாம். ரெப் மறுபடி 8, 9-க்கு இறங்கும். அது பின்னடைவு ஆகாது, படியின் அடுத்த விளிம்பு. செட்களுக்கு இடையே இரண்டு நிமிடம் உட்காரலாம், கனமான செட்டுக்கு மூன்று நிமிடம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் டம்பெல் ரேக்கில் இருக்கிறது. பல ஜிம்களில் டம்பெல்கள் 2.5 கிலோ இடைவெளியில்தான் இருக்கும். 20-லிருந்து 22.5 போவது எட்டில் ஒரு பங்கு கூடுதல். 5-லிருந்து 7.5 போவதோ பாதிக்குப் பாதி கூடுதல். பெண்களும் வயதானவர்களும் ‘அஞ்சு கிலோவிலேயே நின்னுட்டேன்’ என்று சொல்வதற்குப் பல நேரம் காரணம் உடம்பு இல்லை, ரேக்தான். சிறிய எடைகளுக்கு ரெப் எல்லையை 8 முதல் 15 வரை விரியுங்கள், அல்லது அரைக்கிலோ, ஒரு கிலோ மணிக்கட்டுப் பட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்பெல்லிலும் இதே கதை. கம்பி மட்டுமே 20 கிலோ என்பதால் வெறும் கம்பி பலருக்குத் தொடக்க எடையாக இருக்க முடியாது.

சுருக்கமாக, முதலில் ரெப் ஏறும், அது மேல் எல்லையைத் தொட்ட பிறகு எடை ஏறும். ஏற்றத்தின் அளவு இப்போது தூக்குகிற எடையைப் பொறுத்தது.

ஒருவருக்கு முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

61 வயதுப் பெண். பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை எடுக்கிறார். மாடியிலிருந்து இறங்கும்போது முழங்கால் வலி. எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம் என்று சொல்லி, மருத்துவர் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். நாற்காலிச் சோதனையில் 9. என்ன வேண்டும் என்று கேட்டால் “கேன் தண்ணியை நானே தூக்கி வைக்கணும், யாரையும் கூப்பிடக்கூடாது” என்கிறார். இது அருமையான இலக்கு. 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு. இடுப்பை மடக்குவது, எழுவது, அணைத்துச் சுமப்பது மூன்றும் அதில் இருக்கின்றன. திட்டமே அதிலிருந்து பிறந்துவிடுகிறது.

செவ்வாய், வெள்ளி, தலா நாற்பது நிமிடம். முதல் இரண்டு வாரம் எல்லாமே 2 செட்:

நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டி, உட்கார்ந்து எழுவது 8 முறை. இறங்குவதற்கு மூன்று விநாடி, தொப்பென்று விழக்கூடாது. சமையல் மேடையில் கையூன்றித் தண்டால் 8 முறை. ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுப்பது 10 முறை. சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகு காட்டி நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொட்டு நிமிர்வது 10 முறை. கோலம் போடக் குனிகிற பழக்கத்தில் முதுகு வளையும். சுவரைத் தேடச் சொன்னால் இடுப்பு தானாகப் பின்னால் போகும். கடைசியாக, இரண்டு கையிலும் 3 கிலோ காய்கறிப் பையோடு 20 மீட்டர் நடை.

மூன்றாவது வாரத்தில் 3 செட். எழுவது மூன்று செட்டிலும் 12 வந்ததும் ஒரு மெத்தையை எடுத்துவிட வேண்டும். அதில் 12 வந்ததும் இரண்டாவதை. வெறும் நாற்காலியில் வந்துவிட்ட பிறகு நெஞ்சோடு 2 கிலோ, பிறகு 4. சுவரைத் தொடும் பயிற்சி சரியாக வந்த பிறகு கையில் 5 கிலோ. அடுத்தடுத்த மாதங்களில் அரையடி ஸ்டூலின் மேல் வைத்த 10 கிலோவைத் தூக்குவது. கேனை முதலில் கால்வாசித் தண்ணீரோடு தூக்க வைக்கலாம். அரைக் கேன் 10 கிலோ, முக்கால் கேன் 15 கிலோ. இதைவிட வசதியான எடைக்கருவி கடையில் கிடைக்காது. முழுக் கேனுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

முழங்கால் வலிக்கு ஒரு விதி. பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அதைத் தாண்டினாலோ, காலையில் வீங்கியிருந்தாலோ, பயிற்சியை விட்டுவிட வேண்டாம். மெத்தையை மறுபடி போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

சர்க்கரைக்கு: வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளோ எடுப்பவருக்கு அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். பயிற்சிக்கு முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகு தொடங்கட்டும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறும் வயிற்றில் வரச் சொல்லாதீர்கள்.

மூச்சையும் கவனிக்க வேண்டும். தம் கட்டித் தூக்கும்போது ரத்த அழுத்தம் கண்டபடி ஏறும். 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அனுபவசாலியான பாடிபில்டர்களின் தமனியிலேயே குழாய் வைத்து அளந்தபோது, லெக் பிரஸ்ஸில் சராசரி உச்சம் 320/250 வந்தது. பிரஷர் உள்ளவர் எழும்போது மூச்சை விட வேண்டும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் தம் கட்டவே முடியாது. உட்கார்ந்திருக்கும்போதே 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்று எடை கிடையாது.

இந்த வயதில் வலு ஏறுமா என்ற சந்தேகம் வேண்டாம். 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் இருந்த, சராசரி 90 வயதான, தளர்ந்த உடம்புக்காரர்களுக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் ஏறியது.

மற்றவர்களுக்கு எது மாறும்

22 வயது, 172 சென்டிமீட்டர், 52 கிலோ, ஹாஸ்டல் வாசம். ‘சைஸ் ஏறணும்’ என்பவருக்கு வாரம் 3 நாள். ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்துக்கு 6 செட்டில் தொடங்கி, இரண்டு மாதத்தில் 10-க்குக் கொண்டுபோகலாம். ஆனால் இவருக்குப் பூட்டு தட்டில் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 83 கிராம் புரதம் வேண்டும். காலையில் நாலு இட்லியில் எட்டு கிராம்தான் வரும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8 அல்லது 9, ஒரு டம்ளர் பாலில் 6. வாரம் கால் கிலோ ஏறினால் போதும். ஏறவில்லை என்றால் செட்டைக் கூட்டுவதற்கு முன் சோற்றைக் கூட்டுங்கள்.

நைட் ஷிஃப்ட் ஐடி ஊழியருக்கு மாறும் அளவு தூக்கம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் அதே எடை, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் குறைவு, 3 அல்லது 4 மிச்சம். விடுமுறை எடுப்பதைவிட இது மேல்.

கபடி வீரருக்குக் காலண்டர்தான் அளவுகோல். போட்டி இல்லாத மாதங்களில் கனமான ஸ்குவாட், டெட்லிஃப்ட். போட்டிக் காலத்தில் வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், 3 முதல் 5 ரெப், நிறைய மிச்சத்தோடு. ரெய்டில் திடீரென்று நின்று திரும்பும்போது கிழிவது பின்தொடையும் உள்தொடையும்தான். கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, முழங்காலிட்டு மெதுவாக முன்னால் சாய்கிற நார்டிக் பயிற்சியை 2 செட், 5 ரெப்பில் தொடங்க வேண்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு புதிய கால் பயிற்சி எதுவும் வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ஆடுகளத்தில் நிற்க நேரும்.

‘வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவேனா’ என்று கேட்கும் பெண்களுக்கு: பல வருடம் அதற்கென்றே சாப்பிட்டுப் பயிற்சி செய்கிறவர்களுக்கே அந்தத் தசை சுலபத்தில் வருவதில்லை. தற்செயலாக வந்துவிடாது.

எங்கே சறுக்குகிறது

முதல் நாளே நன்றாக ‘செய்து காட்டிவிட வேண்டும்’ என்ற ஆசையில்தான் அதிகம். மூன்றாவது நாள் படியிறங்க முடியாமல் போவதும், நாலாவது நாள் வராமல் போவதும் அதன் விளைவு. வலி 24 முதல் 72 மணி நேரம் இருப்பது இயல்பு. ஆனால் கை கால் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் வாரம் ஆளைத் திருப்தியில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதே நல்ல மாஸ்டரின் வேலை.

தசையைக் குழப்ப வேண்டும் என்று வாரா வாரம் பயிற்சியை மாற்றுவது இன்னொன்று. மாற்றிக்கொண்டே இருந்தால் எது ஏறியது என்று ஒப்பிடவே முடியாது. குறைந்தது எட்டு வாரம் அதே ஐந்து அசைவு இருக்கட்டும். போன வாரம் என்ன தூக்கினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது என்பதால் நாற்பது பக்க நோட்டு ஒன்று கட்டாயம். தேதி, எடை, ரெப், மிச்சம், அன்றைய தூக்கம் என்று ஐந்து கட்டம் போதும். மூன்று வாரமாக எண் நகரவில்லை என்றால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு, ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். பல நேரம் அடுத்த வாரமே எண் நகரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வருபவரிடம் விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொல்லக்கூடாது. முதல் நாள் பழைய எடையில் பத்தில் எட்டு பங்கு, ஒரு செட் குறைவு. வலு பெரும்பாலும் அப்படியே இருக்கும், பழக்கம்தான் கொஞ்சம் விட்டிருக்கும். மூன்றாவது நாளில் நோட்டின் பழைய எண்ணுக்கே வந்துவிடுவார்.